ரெட்டைக்கை

கோழி ஆலையில் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. நாத்தனார் அவளை வெட்டு மண்டபத்துக்குள் கூட்டிப்போய், இயந்திர இரைச்சலுக்கு மேலே குரலை எடுத்து, "இது என் தம்பி பெண்டாட்டி! கொஞ்சம் பாத்துக்குங்க!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் அவள் தம்பி பெண்டாட்டி. அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள்கூட, "ஏ தம்பி பெண்டாட்டி, உன் தட்டு நிறைஞ்சிடுச்சு" என்றுதான் கூப்பிட்டார்கள். யாருடைய தம்பி, அவன் என்ன செய்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தம்பி டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இரண்டு வயதில் ஒரு மகள். வீடு மாடியில் மூன்று அறை. முன்னறை நாத்தனாருடையது. அதில்தான் ஜன்னல் இருந்தது. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், பதினெட்டு வருடமாக ஆலையில் கத்தி பிடித்து அந்த வீட்டை நிறுத்தியவள். அவளுக்கு ஜன்னல் இல்லாமல் வேறு யாருக்கு? தம்பி அக்கா இட்ட கோட்டைத் தாண்ட மாட்டான். கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூட மாட்டான்; கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கமே நிற்பான்.

வெட்டு மண்டபம் குளிர்சாதனப் பெட்டியின் வயிறு மாதிரி இருக்கும். சுவரெல்லாம் வெள்ளை ஓடு. தரையில் எப்போதும் தண்ணீர். மருந்துத் தண்ணீரின் வாடை கண்ணைக் கரிக்கும். ஓடும் பட்டையில் கோழித் தொடைகள் வந்துகொண்டே இருக்கும். மேசைக்கு ஆறு பேர். வேலை சின்ன வேலைதான்: எலும்பு ஓரமாக ஒரு கீறல், இரண்டு பக்கமும் ஒரு சுரண்டல், முட்டியில் ஒரு வெட்டு, ஒரு இழுப்பு. எலும்பு கீழே போகும், சதை தட்டுக்குப் போகும். ஒரு தொடைக்குப் பன்னிரண்டு விநாடி. அடுத்த தொடை. ஒன்பது மணி நேரம்.

வலது கையில் கத்தி. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, கத்தி சறுக்கினால் விரல் தப்புவதற்கு. அந்தக் கையுறை குளிரை உறிஞ்சி எலும்பில் ஊற்றும். முதல் மாதத்தில் அவள் பூட்ஸ் மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதாள். நாத்தனார் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடைவேளை பத்து நிமிஷம். அழறதுன்னா அதுக்குள்ள அழுது முடி."

"கை மரத்துப் போகுது அண்ணி."

"போகட்டும். மரத்தாதான் வலிக்காது. என் பேரைச் சொல்லி உள்ள வந்திருக்கே. என் பேரை நாறடிச்சே, வீட்டுல உனக்குச் சோறு கிடையாது."

சோறு கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் அன்றைய குற்றப்பட்டியல் படிக்கப்பட்டது. தம்பி எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். "உன் பெண்டாட்டி இன்னிக்கு மூணு தட்டுல எலும்புச் சில்லு விட்டுட்டாடா." "உன் பெண்டாட்டி நின்னுக்கிட்டே தூங்கறாடா." மேசையிலும் இருவரும் அடுத்தடுத்துதான். அவளுக்கு வலப்பக்கம் நாத்தனார். கத்தியைத் தப்பாகப் பிடித்தால் நாத்தனாரின் கத்திப்பிடி விரல் முட்டியில் வந்து விழும். வலித்தது என்று சொல்ல முடியாது. மரத்த கையில் அடி விழுந்த சத்தம் மட்டும் கேட்கும்.

ஆறு வருடம் ஓடியது. அவள் தேறிவிட்டாள். அந்த மேசையில் நாத்தனாருக்கு அடுத்த கை அவளுடையதுதான் என்று மேற்பார்வையாளரே சொன்னான். அவன் கழுத்தில் எப்போதும் விநாடி பார்க்கும் கடிகாரம் தொங்கும். அதனால் அவனுக்குப் பேர் கடிகாரம். கடிகாரம் யாரையும் திட்ட மாட்டான். பின்னால் வந்து நிற்பான். க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அது போதும், ஆறு முதுகும் நிமிரும்.

ஏழாவது வருடம் அவள் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியபடியே கிடக்கும். இடது கையால் பிடித்து நிமிர்த்த வேண்டும். டக்கென்று ஒரு சத்தத்தோடு நிமிரும். பிறகு நடுவிரலும் சேர்ந்துகொண்டது. பல் துலக்கும்போது பிரஷ் நழுவி விழுந்தது. மகளுக்குச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. "விடும்மா, நானே போட்டுக்கறேன்" என்றாள் எட்டு வயதுப் பெண், தாயின் விரல்களை ஏதோ பூச்சியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு.

ஆலையின் நர்ஸ் ஒரு களிம்பு தடவி, 'வேலைக்குத் தகுதி' என்று எழுதி அனுப்பினாள். வெளி டாக்டர் மூன்று மாதம் கையை ஆட்டக் கூடாது என்றார். மூன்று மாதம்! மூன்று நாள் வராவிட்டாலே அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். டாக்டரின் சீட்டை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் ஒரு பயிற்சிக்காரரை வரவழைத்தது. வேலையில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு. மண்டபத்தில் மாதத்துக்கு நாலைந்து பேர் நின்றுபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மனதில் தெம்பு போதவில்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். பயிற்சிக்காரர் நல்ல மனிதர். வாய் நிறையச் சிரிப்பு, இஸ்திரி போட்ட சட்டை. எல்லார் கையிலும் ஆளுக்கொரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்.

"அமுக்குங்க! நல்லா அமுக்குங்க! விட்டதும் என்ன ஆகுது? பழைய மாதிரி ஆயிடுதில்ல? மனசும் இப்படித்தான் இருக்கணும்."

நாற்பது பெண்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அமுக்க முடியவில்லை. ஒருத்தி இரண்டு முழங்கைக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். ஒருத்தி பந்தை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பயிற்சிக்காரரும் சேர்ந்து சிரித்தார். உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. பந்தை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். இடது கை அமுக்கியது.

ஆக, அவள் கற்றுக்கொண்டாள். வகுப்பு சொன்னதை அல்ல, வேறொன்றை. மறுநாளிலிருந்து வீட்டில் காய் நறுக்குவது, துணி பிழிவது, பூட்டைத் திறப்பது எல்லாம் இடது கைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டி, அதைத் தொடை எலும்பாக வைத்துக்கொண்டு இடது கையால் கீறிக் கீறிப் பழகினாள். கீறல், சுரண்டல், வெட்டு, இழுப்பு. வீட்டிலிருந்த பழைய துணியெல்லாம் நாடாவாகிவிட்டது.

நாத்தனார் வாசல்படியில் நின்று பார்த்தாள். "என்னடி இது, கூத்து? இருக்கிற கையாலயே ஒழுங்கா வெட்டத் தெரியாது. இதுல இன்னொண்ணு வேறயா?"

அவள் கரண்டிக் காம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி கீறினாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். நாத்தனாரின் கையும் போய்க்கொண்டிருந்தது. அதை நாத்தனார் யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூட. ஆனால் ஒரே அடுக்களையில் புழங்குகிறவளுக்குத் தெரியாதா? டப்பா மூடியைத் திறக்க முடியாமல் நாத்தனார் அதைச் சுவரில் மோதுவாள். யாராவது வந்தால் சட்டென்று கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல நிற்பாள். மேசையிலும் நாத்தனாரின் தட்டில் எலும்புச் சில்லு நிற்க ஆரம்பித்திருந்தது. வேகம் குறையவில்லை, சுத்தம் குறைந்துவிட்டது. கடிகாரம் அந்தப் பக்கம் திரும்பும்போது தம்பி பெண்டாட்டி நாத்தனார் தட்டிலிருந்து நாலு துண்டை எடுத்து, சில்லை நீக்கித் திருப்பிப் போடுவாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி என்றும் இல்லை, பரவாயில்லை என்றும் இல்லை.

அதே அவள்தான், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் டப்பா மூடிகளை ஒவ்வொன்றாக இடது கையால் நன்றாக இறுக்கி மூடிவிட்டு வருவாள். பழைய ஆள் என்பதால் நாத்தனாருக்கு ஞாயிறு போக வாரத்தில் இன்னொரு நாளும் விடுமுறை. தனியாக வீட்டில் இருப்பாள். டீத்தூள் டப்பா, சர்க்கரை டப்பா, இரண்டையும் இறுக்குவாள். அந்த நாட்களில் மேசையில் நிற்கும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி இருக்கும். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத குளிர்ச்சி.

ஐந்து மாதம் கழித்து மண்டபத்திலேயே கையை மாற்றினாள். இரும்புக் கையுறையைக் கழற்றி வலது கையில் போட்டுக்கொண்டு, கத்தியை இடது கைக்குக் கொடுத்தாள். முதல் வாரம் கத்தி சறுக்கி மணிக்கட்டுக்கு மேலே, கையுறை மூடாத இடத்தில் இறங்கியது. ஓடும் பட்டையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டாள். வேலை முடிந்த பிறகுதான் ஏழு தையல். தைத்தவர், "மரத்துப்போக ஊசி போடவா?" என்று கேட்டார். "அது எதுக்கு டாக்டர், ஏற்கெனவே மரத்துத்தான் இருக்கு" என்றாள்.

மூன்று மாதத்தில் இரண்டு கையும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டது. வலது கை சோர்ந்தால் இடது, இடது சோர்ந்தால் வலது. கடிகாரம் ஒரு நாள் அவள் பின்னால் வந்து நின்றான். க்ளிக். நெடுநேரம் நின்றான். கடைசி இரண்டு மணி நேரம் எல்லாரும் தளரும் நேரம். பன்னிரண்டு விநாடி பதினைந்தாகும், பதினாறாகும். அந்தத் தளர்ச்சியை ஈடுகட்டத்தான் ஐந்து பேர் வேலைக்கு ஆறு பேர். அவளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது.

"என்னம்மா இது, ரெட்டைக்கையா?" என்றான்.

அன்றோடு தம்பி பெண்டாட்டி போய், ரெட்டைக்கை வந்தாள். பெயர் மாறியதில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. யாருடைய பெண்டாட்டியும் இல்லாத ஒரு பெயர்! நிர்வாகம் அவளைப் படம் பிடித்தது. இரண்டு கையிலும் கத்தியோடு, தலையில் வலைத்தொப்பியோடு அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். 'தளராத கைகள்' என்று கீழே எழுதியிருந்தது. கணவன் அந்தப் படத்தின் படத்தைப் போனில் வைத்து டயர் கடையில் எல்லாருக்கும் காட்டினான். நாத்தனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சிரிக்கும்போது ஈறு தெரியுது" என்றாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிகாரம் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். உட்காரச் சொன்னான். ஏழு வருடத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உன் மேசையில இனிமே அஞ்சு பேர் போதும்னு மேல சொல்லிட்டாங்க. உன்னாலதான். பெருமைதானே?"

அவள் தலையை ஆட்டினாள். பெருமையா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"யாரை எடுக்கறதுன்னு நான் முடிவு பண்ணலாம். ஆனா தட்டுல யாரு சரியா செய்யறதில்லைன்னு பக்கத்துல நிக்கறவங்களுக்குத்தான் தெரியும். உனக்கு மனசு கெட்டி. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். யாரு?"

கண்ணாடிக்கு வெளியே ஐந்து முதுகுகள் தெரிந்தன. நாத்தனாரின் முதுகு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. க்ளிக் சத்தம் வராமலே நிமிர்ந்து நிற்கும் ஒரே முதுகு. அவள் எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நீங்களே பாத்துக்குங்க என்று எழுந்து வந்திருக்கலாம். இதெல்லாம் பிறகு பல நாள் அவள் நினைத்துப் பார்த்ததுதான். அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

"அண்ணிக்குக் கை போச்சு சார். ஒரு வருஷமா நான்தான் அவங்க தட்டைச் சுத்தம் பண்றேன்."

பாவம் பார்த்துத்தான் சொன்னேன், அந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அன்று வேலை முடியும்போது நாத்தனாரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கத்தி, இரும்புக் கையுறை, பூட்ஸ் மூன்றையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடம் அந்த ஆலையில் நின்றவள் செருப்புக் காலோடு ஈரத்தரையில் நடந்து வந்தாள். வேனில் வழக்கம்போல இருவரும் ஒரே இருக்கை. நாத்தனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம், "நாளையிலேர்ந்து நான் வீட்டுல இருக்கேன்டா. பாப்பாவை யாரு பாத்துக்கறது?" என்றாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. தம்பிதான் மூக்கால் அழுதான். "அக்காவையா? அக்காவைப் போயா?" என்று அறைக்கும் அடுக்களைக்கும் நடந்தான். ரெட்டைக்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாத்தனார் மாறிவிட்டாள். குற்றப்பட்டியல் நின்றது. காலையில் ரெட்டைக்கை எழும்போது டீ தயாராக இருக்கும். "நீ உக்காரு. அது சம்பாதிக்கிற கை" என்று சொல்லி அவள் தலையை நாத்தனாரே வாரிப் பின்னிவிடுவாள். பின்னல் கோணலாகத்தான் வரும். நாத்தனாரின் விரலும் மடங்காதே. இருந்தாலும் தினமும் வாரினாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், பாடம் கேட்டாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் "அத்தை" என்றது. அம்மா என்பவள் குளிர் வாடையோடு வந்து, சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுக்கும் ஒரு ஆள்.

ஆலையில் ரெட்டைக்கையின் கை ஓங்கியிருந்தது. மற்றவர்களுக்கும் இடது கையைப் பழக்கும்படி சொன்னார்கள். பழக்கினாள். ஒருத்தி பழகினால் இன்னொருத்தி வீட்டுக்குப் போனாள். ஐந்து பேர் மேசை நாலு பேர் மேசை ஆனது. பழகினவர்களும் அவளைக் கரித்துக் கொட்டினார்கள், பழகாதவர்களும் கொட்டினார்கள். சாப்பாட்டு அறையில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். படத்தில் அவள் கண் இரண்டையும் யாரோ முள்கரண்டியால் குத்தி எடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் பூட்ஸ் அறையில் வலது காலை உள்ளே விட்டாள். குளிர்ந்து வழுவழுவென்று ஏதோ விரலிடுக்கில் ஏறியது. கோழிக் குடல். பூட்ஸ் நிறைய அடைத்து வைத்திருந்தார்கள். அறையில் பன்னிரண்டு பேர். எல்லாரும் அவரவர் வலைத்தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். அவள் காலை வெளியே எடுக்கவில்லை. இன்னும் நன்றாக அழுத்தி உள்ளே விட்டாள். அடுத்த காலையும் விட்டாள். அதிலும் இருந்தது. எழுந்து நடந்துபோய் மேசையில் நின்று, ஒன்பது மணி நேரம் வேலை செய்தாள். ஒவ்வொரு முறை காலை மாற்றி நிற்கும்போதும் பூட்ஸுக்குள் அது சளக் சளக் என்றது. பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது. மதியத்துக்கு மேல் பக்கத்தில் நின்றவள்தான் வாந்தி எடுத்தாள்.

கடிகாரத்துக்கு விஷயம் தெரிந்து, விழுந்து விழுந்து சிரித்தான். "உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும்" என்றான். அன்று வீட்டில் காலைக் கழுவும்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள்.

மூன்றாம் வருடம் இரண்டு கையும் ஒன்றாகப் போயின. ஒன்று விட்டால் இன்னொன்று என்ற கணக்கு முடிந்துவிட்டது. கத்தி கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வாரம் பதினெட்டு விநாடி. மறுவாரம் கண்ணாடி அறை. இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

வேலையால் ஊனம் வந்தது என்று சான்றிதழ் வாங்கிவிட்டால், ஆலை அவளுக்கு லேபிள் ஒட்டுவதுபோல ஏதாவது லேசான வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதற்காக மருத்துவக் குழுவுக்கு எழுதிப் போட்டாள். எழுதினது மகள், கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் ஒரு டாக்டர், ஒரு அதிகாரி, ஆலையிலிருந்து ஒருவர். டாக்டர் அவள் இரண்டு கையையும் மேசையில் வைக்கச் சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"நீங்க வலக்கைக்காரிதானே?"

"ஆமா சார்."

"இடது கையும் அதே அளவு கெட்டிருக்கே. கத்தி வேலையால வந்தா கத்தி பிடிக்கிற கையிலதான் இப்படி வரும். ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்திருந்தா அது உடம்பு வாகு. வேலை காரணம் இல்ல."

"நான் ரெண்டு கையாலயும் வெட்டினேன் சார். என் படம்கூட மாட்டியிருக்காங்க."

ஆலைக்காரர் தாளைப் பார்த்துச் சொன்னார்: "எங்க பதிவுல வலக்கைன்னுதான் இருக்கு. படம் விளம்பரத்துக்கு எடுத்தது. போஸ் கொடுக்கச் சொன்னாங்க, கொடுத்தாங்க."

இடது கையால் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது வந்து சொன்னால் யோசிக்கலாம் என்று டாக்டர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அவள் பழக்கிவிட்ட பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒருத்தி திறக்கவில்லை. ஒருத்தி திறந்து, "இன்னும் அங்கதான் வேலை பாக்கறேன், என்னை விட்டுடு" என்று மூடினாள். மூன்றாமவள், "நீ எத்தனை பேரு வயித்துல அடிச்சே, போ" என்றாள். கடைசியில் அவள் நாத்தனாரின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க வந்து சொல்வீங்களா?"

நாத்தனார் மகளின் பள்ளிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "வர்றேன்" என்றாள் உடனே. "வீட்டு ஆளு நான் வராம யாரு வருவா?"

அந்த நாளில் நாத்தனார் நல்ல துணி உடுத்திக்கொண்டாள். பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். குழுவின் முன்னால் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருட அனுபவம் என்று கேட்டதும் டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க இவங்க பக்கத்துலயே நின்னு வேலை பாத்தீங்க. இவங்க இடது கையால கத்தி பிடிச்சு வெட்டறதைப் பாத்திருக்கீங்களா?"

நாத்தனார் திரும்பி ரெட்டைக்கையை ஒரு முறை பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. துணி எடுக்கும்போது சாயம் போகுமா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இல்லீங்க. இவ வலக்கைக்காரி. இடது கையால இவ கத்தி தொட்டு நான் பாத்ததே இல்ல."

"நிச்சயமா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? என் தம்பி பெண்டாட்டி."

டாக்டர் எழுதிக்கொண்டார். ஆலைக்காரர் எழுந்து நாத்தனாருக்குக் கதவைத் திறந்துவிட்டார். ரெட்டைக்கை தன் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் எதையும் வெளியே விடாமல் பழகியவளுக்கு, தேவைப்பட்ட நேரத்திலும் எதுவும் வெளியே வரவில்லை.

திரும்பி வரும்போதும் நாத்தனார்தான் டிக்கெட் எடுத்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அவளே பேசினாள்.

"அன்னிக்குக் கண்ணாடி ரூம்ல கடிகாரம் என்கிட்ட சொல்லிட்டான்டி. 'உன் தம்பி பெண்டாட்டியே சொல்லிட்டா, உனக்குக் கை போச்சுன்னு'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். நாலு வருஷம் ஆச்சு."

ரெட்டைக்கை தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தெரிஞ்சுமா தினமும் என் தலையை வாரி விட்டீங்க?"

"வேற யாரு வாருவா?" என்றாள் நாத்தனார். கொஞ்ச நேரம் கழித்து, "இறங்கு, நம்ம நிறுத்தம்" என்றாள்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. ரெட்டைக்கை இப்போது ஒரு பெரிய கடையின் நிலவறையில் கார்களுக்கு இடம் காட்டுகிறாள். விரல் தேவைப்படாத வேலை. கையைத் தூக்கி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினால் போதும். தோள் இன்னும் நன்றாக இருக்கிறது. காற்று வராத இடம், புகை கண்ணை எரிக்கும். மூன்று பேர் நின்றுபோன இடத்தில் அவள் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டாள். அங்கேயும் யாரோ அவளைப் பாராட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் இரண்டு பெண்களும் பேசிக்கொள்கிறார்கள். உப்பு போதுமா, மழை வருமா, பாப்பா வந்துட்டாளா. கணவனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. நடந்ததைச் சொல்ல இருவருக்கும் தோன்றவும் இல்லை. அவன் டயர் கடையில் யாராவது தங்கள் வீட்டு மாமியார், நாத்தனார் சண்டையைச் சொல்லிப் புலம்பினால், பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவான்.

"எங்க வீட்டுல வந்து பாரு" என்பான். "அக்காவுக்கும் இவளுக்கும் நடுவுல பதினஞ்சு வருஷத்துல ஒரு சத்தம் கேட்டதில்ல."